மூளையில் புது செல் பிறக்குமா? – நரம்பியல் மருத்துவர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்டெம் செல், அதாவது தானும் பெருகி வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூல செல், பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, எட்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். வீட்டையும் நகையையும் வைத்து முடிவெடுக்கப் போகிறவர்கள் கேட்டிருப்பதால், சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை.

பல வருடமாகப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மூளையில் நரம்பு செல் அழிந்தால் மறுபடி உண்டாகாது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். பெரியவர்கள் மூளையிலும் ஸ்டெம் செல் இருக்கிறது என்று இப்போது படிக்கிறேன். நான் நடத்தியது தவறா?
– ஆசிரியர், திண்டுக்கல்

நீங்கள் நடத்தியதில் பெரும்பகுதி சரிதான் சார். நானும் அதைத்தான் படித்தேன். அந்தப் பாடம் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹாலிடமிருந்து வந்தது. நரம்பு மண்டலம் தனித்தனி செல்களால் ஆனது என்று காட்டி, 1906-ல் நோபல் பரிசை கோல்ஜியோடு பகிர்ந்துகொண்டவர். வளர்ந்த மூளையில் எல்லாம் சாகலாம், எதுவும் மீண்டும் பிறக்காது என்று முதல் உலகப்போருக்குச் சற்று முன் எழுதினார். இந்தக் கடுமையான தீர்ப்பை முடிந்தால் மாற்றுவது எதிர்கால அறிவியலின் வேலை என்றும் அங்கேயே சேர்த்து எழுதினார். பாடப்புத்தகங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

1962-ல் அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் ஆல்ட்மன் ஒரு சோதனை செய்தார். ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவை நகல் எடுக்க வேண்டும். அதற்குத் தைமிடின் என்ற பொருள் தேவை. கதிரியக்கம் ஏற்றிய தைமிடினை எலிக்குக் கொடுத்தால், அதன் பிறகு பிறக்கும் செல்லில் அந்த அடையாளம் பதிந்திருக்கும். வளர்ந்த எலியின் மூளையில் அடையாளம் பதிந்த நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருந்தன. 1965-ல் கோபால் தாஸ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் இதைக் காட்டினார். துறையில் இருந்த பெரியவர்கள் நம்பவில்லை. எதிர்த்து வாதாடக்கூட இல்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவருக்குப் பெரிய மரியாதை கிடைத்தது 2011-ல், கஹாலின் நாடான ஸ்பெயின் அளித்த அஸ்தூரியாஸ் இளவரசர் விருதின் மூலம். இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்விட்டது.

நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ நோட்டபாம் கேனரிக் குருவிகளை ஆராய்ந்தார். வளர்ந்த குருவியின் மூளையில், பாட்டுக்கான பகுதியில், புது நியூரான்கள் சேர்வதை 1983-ல் காட்டினார். 1992-ல் கனடாவின் கால்கரி நகரில் ரெனால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். அவை பெருகி உருண்டைகளாக மிதந்தன, நியூரானாகவும் அதற்குத் துணை நிற்கும் செல்லாகவும் மாறின. நரம்பு ஸ்டெம் செல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

மனித மூளையிலும் புது நியூரான் பிறப்பதற்கான முதல் சான்று 1998-ல் வந்தது. ஸ்வீடனில் புற்றுநோயாளிகள் சிலருக்கு, கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று பார்க்க, பிரியும் செல்லில் பதியும் ஒரு மருந்தை ஊசியில் செலுத்தியிருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் இறந்த பிறகு, பீட்டர் எரிக்சனும் கலிபோர்னியாவின் பிரெட் கேஜும் அவர்களுடைய மூளையைப் பரிசோதித்தார்கள். ஹிப்போகாம்பஸில் அந்த மருந்து பதிந்த புது நியூரான்கள் இருந்தன. கடுமையான நோயின் கடைசிக் காலத்திலும் அந்த மூளைகள் புது செல்லைப் பிறப்பித்திருக்கின்றன. முதன்முதலில் இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே வகுப்பில் இப்படிச் சொல்லுங்கள். நம் மூளையின் நியூரான்களில் மிகப் பெரும்பாலானவை பிறந்ததிலிருந்து நம்முடன் இருப்பவை, அழிந்தால் திரும்பாதவை. ஹிப்போகாம்பஸ் போன்ற மிகச் சிறிய இடத்தில் மட்டும் புதியவை பிறப்பதற்கான சான்று உண்டு.

2018-ல் ஒரு ஆய்வு பெரியவர்களுக்குப் புது நியூரான் பிறப்பதே இல்லை என்கிறது. அதே வருடம் இன்னொன்று பிறக்கிறது என்கிறது. எதை நம்புவது மேடம்?
– உயிரித் தொழில்நுட்ப மாணவி, திருநெல்வேலி

நீங்கள் சொல்லும் முதல் ஆய்வு கலிபோர்னியாவில் ஆல்வாரெஸ்-பூய்யா குழு செய்தது. மேலே சொன்ன 2011 அஸ்தூரியாஸ் விருதை ஆல்ட்மனோடு பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் இந்த ஆல்வாரெஸ்-பூய்யா. குழந்தைகளில் கண்ட இளம் நியூரான்கள் பெரியவர்களின் ஹிப்போகாம்பஸில் தென்படவே இல்லை என்றார்கள். அடுத்த மாதமே நியூயார்க்கிலிருந்து போல்ட்ரினி குழு, 79 வயது வரை இருக்கிறது என்றது.

இங்கே மாதிரி எப்படிக் கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். இளம் நியூரானை அடையாளம் காட்டுவது டபிள்கார்ட்டின் என்ற புரதம். இறந்து சில மணி நேரத்தில் அது சிதையத் தொடங்கும், மாதிரியைப் பதப்படுத்தும் பார்மலினில் அதிக நாள் கிடந்தாலும் சாயம் பிடிக்காது. ஸ்பெயினில் மரியா யோரென்ஸ்-மார்ட்டின் குழு இதில் மிகுந்த கவனம் எடுத்து, 2019-ல் எண்பது வயதைத் தாண்டியவர்களிடமும் இளம் நியூரான்களைக் காட்டியது. அல்சைமர் நோய் முற்ற முற்ற அவை குறைந்துகொண்டே போனதையும் காட்டியது.

இதற்கெல்லாம் முன்பே, 2013-ல், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் பிரிசன் குழு வேறு வழியில் போனது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது, அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. அது பயிருக்குள் போய், சாப்பாடு வழியாக நம் டிஎன்ஏவுக்குள் வந்தது. ஒரு செல்லின் டிஎன்ஏவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால் அது எந்த ஆண்டில் பிறந்தது என்று கணக்கிடலாம். ஒவ்வொரு பக்க ஹிப்போகாம்பஸிலும் நாளுக்குச் சுமார் 700 நியூரான்கள் புதிதாகச் சேர்கின்றன என்பது அவர்கள் கணக்கு. 2025-ல் அதே குழு, புது நியூரானைப் பிறப்பிக்கும் தாய்ச் செல்கள் பெரியவர்களிடமும் பிரிந்துகொண்டிருப்பதைக் காட்டியது. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது, சிலரிடம் கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

என் முடிவைக் கேட்டால், இருக்கிறது, ஆனால் சொற்பம். எலிக்குக் கிடைத்த எண்ணிக்கையை மனிதருக்கு அப்படியே போட்டுப் பேசுபவர்களை நான் ஏற்பதில்லை.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கை இன்னும் தூக்க வரவில்லை. மூளையில் ஸ்டெம் செல் இருக்கிறதென்றால் அது ஏன் தானாகச் சரிசெய்யவில்லை?
– வாசகி, புதுக்கோட்டை

கேட்க வேண்டிய கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள் அம்மா. ஸ்வீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள் 2002-ல் இதற்கு விடை தேடினார்கள். எலிக்குப் பக்கவாதம் உண்டாக்கிப் பார்த்தபோது, மூளை அறைகளின் ஓரத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள் வேகமாகப் பெருகின. பிறந்த இளம் செல்கள் அடிபட்ட இடத்தை நோக்கி நகர்ந்தன, அங்கே இருக்க வேண்டிய வகை நியூரானாக மாறவும் தொடங்கின. யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூளை உதவிக்கு ஆள் அனுப்புகிறது.

ஆனால் போய்ச் சேர்ந்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் சில வாரங்களில் இறந்துவிட்டன. இழந்த நியூரான்களில் ஈடானவை வெறும் 0.2 சதவீதம். அடிபட்ட இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு, வீக்கம் அதிகம், சுற்றிலும் தழும்பு. பிழைத்த செல்லும் சரியான கம்பியோடு சரியான கம்பியை இணைக்க வேண்டும். மனிதரின் மூளை எலியைவிடப் பல மடங்கு பெரியது, நடக்க வேண்டிய தூரமும் அதற்கேற்ப அதிகம்.

அந்தச் செல்களைச் சாகாமல் காப்பது எப்படி, அந்தப் படையை மருந்தால் பெருக்க முடியுமா என்றுதான் பல ஆய்வகங்கள் உழைக்கின்றன. மூளைக்குள் வெளியிலிருந்து எதையும் ஏற்றாமல், இருப்பதையே எழுப்பும் வழி அது. எனக்கு அதிக நம்பிக்கை இருப்பதும் அதில்தான். ஆனால் மருந்துக்கடையில் வாங்கும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

உங்கள் கணவருக்கு இன்று உதவக்கூடியது பயிற்சி. இறந்த நியூரான் வராவிட்டாலும், பிழைத்த நியூரான்கள் புது இணைப்புகளைப் போட்டுக்கொள்ளும், அதுவும் அந்தக் கையை வேலை வாங்கினால்தான். இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி எதுவும் நடக்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்னேற்றம் மெதுவாக இருக்கும், ஆனால் கதவு அடைக்கப்படவில்லை. டம்ளரைப் பிடிப்பது, சட்டைப் பித்தான் போடுவது, பட்டாணி உரிப்பது போல அவருக்குப் பயன்படும் வேலைகளையே தினமும் செய்யவிடுங்கள். நீங்கள் பார்த்துப் பரிதாபப்பட்டு ஊட்டிவிட வேண்டாம். தோள் வலியோ கை இறுக்கமோ இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள், அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

அப்பாவுக்கு 66 வயது, ஏழு வருடமாகப் பார்க்கின்சன். ஒரு சென்டரில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரித்து, முதுகில் ஊசியாகப் போட்டால் மாத்திரையே தேவைப்படாது என்கிறார்கள். நான்கு தவணை, ஆறு லட்சம் ரூபாய். ஊரில் இருக்கும் நிலத்தை விற்கலாமா?
– மகள், திருச்சி

விற்காதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன், அப்பாவிடமும் படித்துக் காட்டுங்கள். பார்க்கின்சனில் நடுமூளையில், அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள் அழிகின்றன. கை நடுங்க ஆரம்பிக்கும்போதே அவற்றில் பெரும்பகுதி போயிருக்கும். மூளையின் சொந்த ஸ்டெம் செல்கள் இருக்கும் இடம் வேறு, அங்கிருந்து அவை இங்கே வந்து டோபமைன் நியூரானாக மாறுவதில்லை. உங்கள் சென்டர் எடுப்பதோ மூளை செல்லே அல்ல, எலும்பு மஜ்ஜை செல். அதன் வேலை இரத்தம், எலும்பு, கொழுப்பு சார்ந்தது. முதுகில் போட்ட மஜ்ஜை செல் தண்டுவட நீர் வழியாக ஏறி, நடுமூளைக்குப் போய், டோபமைன் நியூரானாக மாறி, சரியான இடத்தில் இணைந்து வேலை செய்தது என்று ஒரு நோயாளியிடமும் யாரும் நிரூபிக்கவில்லை. ஸ்டெம் செல் என்ற பெயர் இரண்டுக்கும் பொது, அவ்வளவுதான். அந்தப் பெயரை வைத்துத்தான் உங்களிடம் விலை பேசுகிறார்கள்.

நிஜமாக நடக்கும் ஆராய்ச்சியைப் பாருங்கள். 1987-லேயே லுண்ட் நகரில், கருக்கலைப்பில் கிடைத்த கருவின் டோபமைன் செல்களை நோயாளிகளின் மூளையில் வைத்தார்கள். சிலருக்கு வருடக்கணக்கில் நன்மை கிடைத்தது. 2001-ல் அமெரிக்காவில் முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிலருக்கு மாத்திரையை நிறுத்தினாலும் நிற்காத கட்டற்ற அசைவுகள் வந்தன. அதனால் எல்லோரும் நின்று யோசித்தார்கள். பிறகு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜூன் தகஹாஷி குழு, நலமான ஒருவரின் செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து டோபமைன் செல்லின் முந்தைய நிலையை வளர்த்து, மண்டையில் துளையிட்டு மூளையின் உட்பகுதியில் வைத்தது. நோயாளிகள் ஏழே பேர். வந்த செல்லை உடல் நிராகரிக்காதிருக்க மாதக்கணக்கில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். இரண்டு வருடம் கண்காணித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான பக்கவிளைவு இல்லை. பலனை அளந்த ஆறு பேரில் நால்வருக்கு, மாத்திரை இல்லாத நேரத்தில் அசைவு மேம்பட்டது. அமெரிக்கா, கனடாவில் 12 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையின் முடிவும் அப்போதே வந்தது.

நோயாளிகளிடம் செய்வதற்கு முன் குரங்குகளில் வருடக்கணக்கில் சோதித்த ஆராய்ச்சி, ஏழு பேரைப் பார்த்துவிட்டு இன்னும் கவனமாகப் பேசுகிறது. உங்கள் சென்டர் மாத்திரையே வேண்டாம் என்கிறது. அப்பாவின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் யாரை நம்புவது என்று யோசியுங்கள்.

நம் நாட்டு நிலையும் தெளிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இரத்தப் புற்று, தலசீமியா போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை போல நிரூபணமானவை தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டுமே நடக்கலாம். பார்க்கின்சன் அந்த நிரூபணமான பட்டியலில் இல்லை. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் காட்டுவார்கள். அது சோதனையைப் பதிவு செய்ததற்கான எண், சிகிச்சைக்கு அரசு கொடுத்த சான்று அல்ல.

நான் அரசு மருத்துவமனையில் இருந்தபோது, இப்படி ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒரு விவசாயியைப் பார்த்தேன். சென்டரின் பேச்சை நம்பி, பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையை நிறுத்தியிருந்தார். கட்டிலில் புரளக்கூட முடியாமல் விறைத்துப்போய்க் கிடந்தார். மாத்திரையை மறுபடி தொடங்கிச் சில நாளில் எழுந்து நடந்தார். விற்ற தோட்டம் திரும்பவில்லை. அவருடைய மனைவி என்னிடம் ஒரு வார்த்தை குறைசொல்லாமல் கைகூப்பிவிட்டுப் போனதை நினைத்தால் இன்றும் மனது ஆறுவதில்லை.

அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியவை இருக்கின்றன. லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுத்துப் பாருங்கள். பால், பருப்பு, முட்டை, கறியில் உள்ள புரதம் மருந்து ஏறுவதைத் தடுக்கும். ஒவ்வொரு வேளையும் மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், எப்போது வேலை செய்தது, எப்போது இறங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அந்த நோட்டு இருந்தால் மருந்தின் நேரத்தைச் சரியாக மாற்றலாம். மலச்சிக்கலைக் கவனியுங்கள். ஏழு வருடம் ஆனதால், மூளையில் மின்முனை வைக்கும் டிபிஎஸ் அறுவை அவருக்குப் பொருந்துமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அது நிரூபணமான சிகிச்சை.

ஸ்டெம் செல் ஊசியால் பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லையே? நம் உடம்பு செல்தானே?
– வாசகர், கரூர்

கெடுதல் உண்டு. அரிய நரம்பு நோய் இருந்த ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு, 2001-லிருந்து மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை மூளையிலும் தண்டுவட நீரிலும் சில முறை செலுத்தினார்கள். சில வருடங்களில் தலைவலி வந்து பார்த்தபோது மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். பரிசோதித்ததில் கட்டியின் செல்கள் அவனுடையவை அல்ல, தானம் வந்த செல்கள். 2009-ல் இது மருத்துவ இதழில் வெளியானது. 2016-ல் இன்னொரு செய்தி. பக்கவாதம் வந்த ஓர் அமெரிக்கர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று போய் ஊசி போட்டுக்கொண்டார். தண்டுவடத்தில் அடுத்தவர் செல்லாலான கட்டி வளர்ந்து கால்கள் செயலிழந்தன.

பெருகும் திறன்தான் ஸ்டெம் செல்லின் பலம். எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் பெருகினால் அதுவே ஆபத்து. சொந்த செல் என்றாலும், வெளியில் எடுத்துப் பதப்படுத்தி முதுகில் ஏற்றும்போது கிருமித் தொற்று வரலாம், மூளைக்காய்ச்சல் வரை போகலாம்.

என் ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம். ஸ்டெம் செல் போட்டால் பேச்சு வரும் என்கிறார்கள்.
– தாய், ஈரோடு

வேண்டாம் அம்மா. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. ஆட்டிசத்தில் செல்கள் செத்துப்போய் இடம் காலியாக இருப்பதில்லை, நிரப்புவதற்கு. மூளை வளர்ந்த விதமே வேறு. பேச்சுப் பயிற்சி, விளையாட்டு வழிப் பயிற்சி, படம் காட்டித் தேவையைச் சொல்லப் பழக்குவது, இவற்றில் நேரத்தைச் செலவிடுங்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கட்டணம் கிடையாது. ஐந்து வயது நல்ல வயது, நாளைக்கே போங்கள்.

புது மூளை செல் முளைக்க என்ன சாப்பிடலாம்? வல்லாரை உதவுமா?
– வாசகர், நாகர்கோவில்

வல்லாரையைக் கீரையாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மனிதரின் மூளையில் புது நியூரானைப் பிறப்பிக்கும் என்று நிரூபணமான உணவு எதுவும் இல்லை. நடைக்குத்தான் சான்று கொஞ்சம் அதிகம். கூண்டில் ஓடும் சக்கரம் வைத்த எலிகளுக்கு ஹிப்போகாம்பஸில் புது செல்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததை 1999-ல் கேஜின் ஆய்வகம் காட்டியது. 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களிடம் நடந்த சோதனையில், ஒரு வருடம் ஒழுங்காக நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் அளவு 2 சதவீதம் கூடியது, வெறும் தசை நீட்டல் செய்தவர்களுக்குக் குறைந்தது. அது புது செல் பிறந்ததாலா, இரத்தக் குழாய் கூடியதாலா என்று ஸ்கேனில் சொல்ல முடியாது. எதனால் இருந்தாலும் நடங்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன். பாட்டிக்கு அல்சைமர். இந்த ஆராய்ச்சியில் சேர என்ன படிக்க வேண்டும்? இங்கேயே செய்ய முடியுமா?
– மாணவன், ராமநாதபுரம்

முடியும் தம்பி. வேலூர் சிஎம்சி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பெங்களூரில் இருக்கும் இன்ஸ்டெம் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பிரிவு அது. ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. இறந்தவர்களின் குடும்பத்தார் தானமாகக் கொடுக்கும் மூளைகளை ஆய்வுக்காகப் பாதுகாக்கிறார்கள். மேலே திருநெல்வேலி மாணவிக்குச் சொன்ன சண்டை தீர வேண்டுமானால், நன்றாகப் பாதுகாத்த அப்படிப்பட்ட மாதிரிகள்தான் வேண்டும்.

எம்பிபிஎஸ் வழியாகவும் வரலாம், பிஎஸ்சி உயிர்வேதியியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம் படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கும் போகலாம். எந்த வழியில் வந்தாலும் புள்ளியியலை விட்டுவிடாதே. இந்தத் துறையில் பல ஆய்வுகள் தடுமாறுவது மாதிரி எண்ணிக்கையிலும் கணக்கிலும்தான். மாலையில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு நினைவிருக்கும் பழைய கதைகளைக் கேட்டு எழுதி வை. அவரைக் காட்டும் மருத்துவரிடம், காது, கண், உறக்கம் மூன்றையும் பரிசோதித்தாரா என்று ஒருமுறை கேள். காது சரியாகக் கேட்காததால் குழப்பம் கூடியிருக்கும் முதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.